அப்பாவின் வாய், அம்மாவின் சொல்

அத்தியாயம் 9

அராபா இன்னும் அழவில்லை. இன்றோடு எட்டு நாள்.

அதை அவள் மறைக்கவும் இல்லை. ஊர்தான் கண்டுபிடித்து, வாய் மாற்றி வாய் மாற்றி, கடைசியில் நாத்தனார் அஜுவாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அஜுவாவிடம் போன விஷயம் அங்கேயே தங்குமா என்ன?

“கண்ணுல ஒரு சொட்டு இல்லையே அண்ணி. எங்கண்ணன் என்ன, அக்ராவுக்கு வேலையாப் போயிருக்காரா? சாயங்காலம் திரும்பி வந்துடுவாரா?”

அராபா கென்கே என்ற சோள மாவு உருண்டையின் வாழைச் சருகை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததைத் தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பசி இல்லை, கோபமும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல் இரண்டொரு தடவை தன்னையே கிள்ளிப் பார்த்துவிட்டாள். ‘குவெக்கு போயிட்டாரு’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

குவெக்கு எசில்ஃபி என்று முழுப்பெயர் சொன்னால் கானாவில், எங்கள் தக்கோராடி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கோல்ட் ஸ்டோர் எசில்ஃபி’ என்றால் மார்க்கெட் முழுக்கத் தெரியும். முப்பது வருடம் உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவில், கொதிக்கிற வெயில் காலத்திலும் கம்பளிக் குல்லாயோடு நின்ற மனுஷன். அவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதைப் போன வாரம் பார்த்தோம். சவக்கிடங்கின் குளிர் அறையில் இப்போது அவர் கிடக்கிறார். எத்தனை நாள் கிடப்பார் என்பதுதான் இன்றைய கேள்வி.

பெரியவர்களின் கணக்கு மூன்று மாதம். குடும்ப வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும், கூரை மாற்ற வேண்டும், ஊர் மெச்ச அடக்கம் நடத்த வேண்டும். மகள் எஃபுவாவும் ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து வர வேண்டும். அவளும் போனில் அழுது, “மூணு மாசத்துல இங்க தங்கற பேப்பர் வந்துடும், வந்துடறேன்” என்று சொல்லியிருந்தாள்.

ஆனால் செத்தவரும் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மகன் எபோவின் லாப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைக்கச் சொல்லி, அவனை வெளியே அனுப்பிவிட்டு, வீடியோவில் பேசியிருந்தார். ‘நான் போய் ஒரு வாரத்துல கூடற சபையில, வீட்டார் எல்லாரும் இருக்கறப்ப போடணும். அதுக்கு முன்னால யாரும் கேக்கக் கூடாது.’ இதுதான் உத்தரவு. பேசும்போது உடன் இருந்தது அராபா ஒருத்திதான். நிறுத்தும் பொத்தானை அமுக்கியதும் அவள்தான்.

எட்டு நாளாக எபோ கேட்டுப் பார்த்துவிட்டான்.

“என்னம்மா சொன்னாரு?”

“சபையில கேட்டுக்க.”

அவ்வளவுதான் பதில்.

இன்று சபை.

காலையில் எபோ வீடியோவைச் சோதித்துப் பார்த்தான். அப்பாவின் முகம் வந்தது. ‘நான் குவெக்கு எசில்ஃபி. என் வீட்டாருக்குச் சொல்லிக்கறது…’ என்ற குரல் கணீரென்று வந்தது. உடனே நிறுத்திவிட்டான். உத்தரவு உத்தரவுதான். கையோடு, தானும் தங்கையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்காகப் பொதுவில் வைத்திருந்த இணையக் கோப்புறையில் வீடியோவைப் போட்டான். நாம் கேட்கிற நேரத்தில் அவளும் கேட்கட்டும் என்ற நல்ல எண்ணம். ஏற ஆரம்பித்தது. பத்து மணிக்கு மின்சாரம் போனது. எங்கள் பக்கத்தில் மின்சாரம் போனால் போன் கோபுரமும் கூடவே படுத்துவிடும். ஏறியது பாதியில் நின்றது. அதோடு அவன் அதை மறந்தே போனான்.

வாசலில் பந்தல். கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டிய கூட்டம். கூடத்துக்குள் பெரியவர்கள் மட்டும் இருபது பேர். நடுவில் குடும்பத் தலைவர் நானா ஒட்டூ, எசில்ஃபியின் அண்ணன். அவர் பக்கத்தில் கைத்தடியோடு ஒச்சியாமே. சபையில் தலைவர் நேராகப் பேசமாட்டார். அவர் சொல்வதை ஒச்சியாமே தன் வாயால் எடுத்துச் சபைக்குச் சொல்வார். சபை சொல்வதைத் தலைவருக்குச் சொல்வார். நாற்பது வருடமாக இந்தக் கிழவருக்கு அதுதான் வேலை. சொல்லை அழகாக்கலாம், இனிப்புத் தடவலாம். பொருளை மட்டும் மாற்றக் கூடாது.

அராபா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். மனைவி என்பவள் இந்தச் சபையில் உறுப்பினர் அல்ல. செத்தவர் அவருடைய அம்மா வழிக் குடும்பத்துச் சொத்து. முப்பத்தொரு வருடம் சோறு போட்டவள் வெளியாள். எங்கள் வழக்கம் இது. நான் சொல்லி மாறப் போவதில்லை.

நாற்காலி மேல் லாப்டாப் தயாராக இருந்தது. நானா ஒட்டூ எழுந்தார். தோளிலிருந்து துணியை இறக்கினார். செருப்பைக் கழற்றி அதன் மேல் நின்றார். முன்னோர்களைக் கூப்பிட்டு ஊற்றுவதற்கான மதுக் கோப்பை கையில் இருந்தது. ஊற்றப் போனவர் நிறுத்தினார்.

“அது என்ன அங்க, வெளிச்சம் போட்டுக்கிட்டு?”

“லாப்டாப்பு பெரியப்பா. அப்பா பேசினது.”

“மூடு அதை. போனவங்களைக் கூப்பிடறப்ப எதிர்ல ஒண்ணு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறது மரியாதையா?”

எபோ மூடினான். இதில்தான் எல்லாம் கெட்டது. ஆனால் அந்த இடத்தில் மூடாமல் இருக்க எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்?

நானா ஒட்டூ ஒருவரையும் விடவில்லை. ஏழு தலைமுறை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொட்டு தரையில் விழுந்தது, சபை ஒரு ‘ஆம்’ போட்டது. முடிய அரை மணி ஆனது. அதற்குள் லாப்டாப் ஆழ்ந்து தூங்கிவிட்டது.

திறந்தான். திரை விழித்தது. வீடியோவைத் தட்டினான்.

கட்டிலில் சாய்ந்திருந்த எசில்ஃபியின் முகம் வந்தது. கம்பளிக் குல்லாய், முளைத்த வெள்ளைத் தாடி. வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

“சத்தத்தைக் கூட்டு” என்றது ஒரு குரல்.

“முழுசாத்தான் இருக்கு.”

“ஊமைக் குறி விழுந்திருக்கா பாரு.”

“இல்ல.”

“காதுல மாட்டற வயரைச் செருகி எடு. என் தம்பிக்கு அப்படித்தான் சரியாச்சு.”

செருகினான், எடுத்தான். ஒன்றுமில்லை. வேறு பாட்டு போட்டான். அதுவும் ஊமை. எந்த ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் போகிறது என்று செட்டிங்ஸில் தேடினான். அந்த இடமே காலி. லாப்டாப் தனக்கு வாய் இருந்ததையே மறந்துவிட்டிருந்தது. அணைத்துவிட்டுப் போட்டான். மறுபடி அணைத்துப் போட்டான். மூன்றாவது தரமும். ஒவ்வொரு தரமும் எசில்ஃபி வந்தார், வாயை அசைத்தார், போனார்.

“போனுக்கு மாத்துப்பா.”

மாற்றக் கம்பி வேண்டும். எபோவுடையது ஆஸ்பத்திரியில் தொலைந்திருந்தது. சபையில் நாலு கம்பி கிடைத்தன. நாலும் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கம்பிகள். இணையம் வழியாக அனுப்பலாமென்றால் கோபுரம் படுத்திருந்தது.

“எங்கண்ணனுக்கே பேச இஷ்டமில்லை” என்றாள் அஜுவா அத்தை. “அழாத வீட்டுல அவரு எதுக்குப் பேசணும்?”

சிலர் உச்சுக் கொட்டினார்கள். எபோ அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரைப் பார்ப்பதுபோல்.

நானா ஒட்டூ ஒச்சியாமேயின் காதில் முணுமுணுத்தார். கிழவர் தடியைத் தரையில் தட்டினார்.

“தலைவர் சொல்றாரு: தம்பி பேசினது கேக்கலை. கேக்காததை வெச்சுச் சபை முடிவு பண்ண முடியாது. வழக்கப்படி மூணு மாசம். செப்டம்பர் கடைசிச் சனி. வீட்டு வேலையை நாளைக்கே ஆரம்பிக்கலாம். யாருக்காவது சொல்றதுக்கு இருக்கா?”

“எனக்கு இருக்கு.”

யார் பேசியது என்று ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. எட்டு நாளாக எபோவைத் தவிர அந்தக் குரலை எவரும் கேட்கவில்லை. அராபா எழுந்து நின்றிருந்தாள்.

“அண்ணி, உங்களுக்கு இங்க பேச்சு கிடையாது” என்றாள் அஜுவா.

“எனக்கில்லை, அவருக்கு” என்று அராபா திரையைக் காட்டினாள். “அவர் பேசறப்ப நான் பக்கத்துல இருந்தேன். ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன். வாய் இருக்கு, சத்தம் இல்லை. ஒச்சியாமே ஐயா, நீங்க சொல்லுங்க. சபையில ஒருத்தருக்குச் சத்தம் இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?”

கிழவர் தடியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார்.

“இன்னொருத்தர் வாயா நிப்பாங்க” என்றார்.

“நான் நிக்கறேன்.”

இதற்கு முன்னுதாரணம் கிடையாது. ஆனால் முன்னுதாரணம் இல்லாதது, தப்பு என்றும் ஆகிவிடாது. நானா ஒட்டூ மூக்கைச் சொறிந்தார், இரண்டு கிழவர்களோடு கிசுகிசுத்தார், கடைசியில் தலையை ஆட்டினார். ஒச்சியாமே எழுந்து வந்து கைத்தடியை அராபாவிடம் கொடுத்தார். அவள் வலது கையால் வாங்கிக்கொண்டாள். தடி கனமா லேசா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“முதல்லேர்ந்து போடு” என்றாள் மகனிடம்.

எசில்ஃபி வாயைத் திறந்தார். அதே நொடி அராபாவும் திறந்தாள்.

“குவெக்கு சொல்றாரு: நான் குவெக்கு எசில்ஃபி. என் வீட்டாருக்குச் சொல்லிக்கறது.”

எபோ திரும்பி அம்மாவைப் பார்த்தான். காலையில் அவன் கேட்ட அதே வார்த்தை, அதே நிறுத்தம்.

“முப்பது வருஷம் குளிர்ல நின்னேன். என் விரல் ரெண்டு மரத்துப்போனது குளிர்ல. என் முட்டி போனது குளிர்ல. இங்க எல்லாருக்கும் தெரியும்.”

சபை தலையாட்டியது. தெரியாதா பின்னே?

“செத்த பிறகும் என்னைக் குளிர்ல போட்டு வைக்காதீங்க. ரெண்டு வாரம் போதும். அதுக்கு மேல ஒரு நாள் வேண்டாம். வீட்டுக்கு வண்ணம் வேண்டாம், பேண்டு வேண்டாம். பெட்டி பிள்ளைங்களோட பொறுப்பு. சாதாரணப் பெட்டியா வாங்கட்டும். யாருக்காகவும் காத்திருக்காதீங்க.”

அவள் குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. ரயில் நேரம் படிக்கிறவள்போல் படித்தாள். அதனாலேயே அது அவள் பேச்சாகத் தெரியவில்லை. அவர் பேச்சாகத் தெரிந்தது.

“அவ்வளவுதான்” என்று சொல்லித் தடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

திரையில் எசில்ஃபியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

“வீட்டாருக்கு நன்றி சொல்றாரு, ஆசீர்வாதம் பண்றாரு” என்று அராபா போகிற போக்கில் சேர்த்துவிட்டு, பாயில் உட்கார்ந்தாள்.

முதலில் அழுதது அஜுவாதான். “எங்கண்ணா, குளிருதா உனக்கு, குளிருதாண்ணா?” என்று மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். நானா ஒட்டூ குளிர் அறையில் கிடக்கும் தம்பியை நினைத்தாரோ என்னவோ, துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருகிற சனிக்கிழமையே என்று நாள் குறித்தார்கள். கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அராபா தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து, பாதி குடித்தாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. படியிறங்கிய ஒச்சியாமே எபோவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கம்மா நல்லாப் பேசினா. எனக்கே சிலிர்த்துப்போச்சு.”

“சரி தாத்தா.”

“நாப்பது வருஷமா அடுத்தவன் வாயைப் பார்த்துப் பொழைச்சவன் நான். தலைவர் குரல் கம்மிப்போன நாள்ல உதட்டைப் பார்த்தே சொல்லியிருக்கேன்.” கிழவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உங்கப்பா ஒரு பேரை மூணு தடவை சொன்னாரு. கீழுதட்டைப் பல்லுல கடிச்சுச் சொல்ற பேரு. உங்கம்மா அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலையேப்பா.”

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

எபோ ‘எஃபுவா’ என்று ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தான். கீழுதடு பல்லில் பட்டது.

நாலு மணிக்கு மின்சாரம் வந்தது. பந்தலில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்திருந்த ஜெம்மா அக்கா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எபோ லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனான்.

“தூங்கி எழுந்ததுலேர்ந்து சத்தம் இல்லக்கா. மூணு தடவை அணைச்சுப் போட்டுட்டேன்.”

“அணைச்சா? அணைச்சா இது எங்க முழுசா அணையுது? சீக்கிரம் எழுந்திருக்கணும்னு பாதி நினைப்பைப் பத்திரமா வெச்சுக்கிட்டுப் படுக்கும். எழுந்தா அதே கோளாறோட எழும். மறுபடி தொடங்குன்னு தனியா ஒண்ணு இருக்கு பாரு, அதைத் தட்டு. அதுதான் பழசையெல்லாம் துடைச்சுட்டுப் புதுசா எழும். என்னோடதுக்கு மாசம் ரெண்டு தடவை இப்படி ஆகும்.”

“காலையில நீங்க எங்கக்கா இருந்தீங்க?”

“ஜெனரேட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். என்னை யாரு உள்ள கூப்பிட்டா?”

எபோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மறுபடி தொடங்க விட்டான். திரை கறுத்தது, சுற்றியது, விழித்தது. டிங் என்று ஒரு சின்ன மணி ஒலித்தது.

சத்தம் வந்துவிட்டது.

வீடியோவைத் தட்டினான்.

“நான் குவெக்கு எசில்ஃபி. என் வீட்டாருக்குச் சொல்லிக்கறது. முப்பது வருஷம் குளிர்ல நின்னேன். என் விரல் ரெண்டு மரத்துப்போனது குளிர்ல. என் முட்டி போனது குளிர்ல. இங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குக் குளிர் புதுசில்லை. அதனால என்னை நினைச்சு யாரும் வருத்தப்பட வேண்டாம். எஃபுவா வர்ற வரைக்கும் என்னை வைங்க. மூணு மாசமோ, ஆறு மாசமோ. குளிரை எனக்குத் தெரியும், அதுக்கும் என்னைத் தெரியும். எஃபுவா என் முகத்தைப் பார்க்கணும். எஃபுவா கையால ஒரு பிடி மண்ணு விழணும். அதுக்கு முன்னால மூடாதீங்க.”

கதவு திறந்தது. அராபா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்துக்கொண்டாள்.

“அராபா” என்றார் எசில்ஃபி. அந்த இடத்தில் கொஞ்சம் இருமினார். “உனக்கு இது பிடிக்காது. எனக்குத் தெரியும். எத்தனையோ விஷயத்துல நீ சொன்னதுதான் நடந்திருக்கு. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளு.”

வீடியோ நின்றது.

“ஏம்மா?” எபோ குரலை உயர்த்தினான். “அப்பா கடைசியாக் கேட்டது இதும்மா. சபைக்கு முன்னால தடியைக் கையில வெச்சுக்கிட்டு…”

“கத்தாதே. அத்தை தின்னுக்கிட்டு இருக்கா வெளிய.”

“ஏன்னு சொல்லு.”

அராபா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“எஃபுவாவுக்குப் பேப்பர் வராது.”

“மூணு மாசத்துல…”

“வராது. போன வருஷமே தள்ளிட்டாங்க. மேல மனு போட்டு உக்காந்திருக்கா. இப்ப அந்த நாட்டை விட்டு ஒரு அடி எடுத்து வெச்சா, திரும்ப உள்ள விடமாட்டாங்க. அவ பிள்ளை குட்டி யோஃபிக்கு மூணு வயசு. அவன் அப்பன் அந்த ஊர்க்காரன், குழந்தையை அனுப்பமாட்டான். அவ இங்க, பிள்ளை அங்க. எத்தனை வருஷத்துக்குன்னு யாருக்குத் தெரியும்? அப்பாகிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. சொல்லலை. அவரு தெரியாமப் பேசிட்டாரு.”

“சபையில உண்மையைச் சொல்லியிருக்கலாமே.”

“உங்கத்தை முன்னாலயா? அப்பனைப் புதைக்கக்கூட வராத பொண்ணுன்னு செப்டம்பர் வரைக்கும் மெல்லுவாங்க. அது போகட்டும். அவளுக்கு மட்டும் தெரிஞ்சா? அப்பா எனக்காகக் குளிர்ல காத்துக்கிட்டு இருக்காருன்னு தெரிஞ்சா, அவ இருப்பாளா அங்க? பிள்ளையைப் போட்டுட்டுக் கிளம்பிடுவா. ரெண்டு வாரம்னா டிக்கெட் கிடைக்கலைன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் ஒத்துப்பாங்க. அவளும் மனசை ஆத்திப்பா.” அராபா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். “அவரு பேசி முடிச்சு நான் நிறுத்தினேன் பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன், இதை யாரும் கேக்கக் கூடாதுன்னு. அழிக்கத் தெரியலை. அழுதா வாய் திறந்துடும், திறந்தா எல்லாம் கொட்டிடும்னு எட்டு நாளா மூடி வெச்சிருக்கேன். இன்னிக்கு அந்தப் பொட்டி ஊமையாச்சு பாரு, சாமிக்கு நன்றி சொன்னேன்.”

வெளியே யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அழிச்சுடு எபோ.”

எபோ முகத்தைத் துடைத்துக்கொண்டு அழித்தான். குப்பைக்கூடையில் போய் அங்கேயும் அழித்தான்.

“இது வேற எங்கயாவது இருக்கா?”

“இல்லம்மா” என்றான்.

சொன்ன பிறகுதான் அவன் கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. காலை பத்து மணியிலிருந்து பாதியில் நின்றுபோயிருந்த சின்ன அம்புக்குறி இப்போது அங்கே இல்லை. அதன் இடத்தில் பச்சையாக ஒரு சரிக்குறி. மின்சாரம் வந்திருக்கிறது, கோபுரம் எழுந்திருக்கிறது. மறுபடி தொடங்கிய லாப்டாப் சத்தத்தை மட்டும் கொண்டுவரவில்லை; பாதியில் விட்ட வேலையையும் தேடி எடுத்து முடித்திருக்கிறது. ‘எஃபுவா பார்த்தது: ஐந்து நிமிடம் முன்பு’ என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது.

“அம்மா…”

அராபாவின் இடுப்புத் துணி முடிச்சில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். யோஃபியைத் தூக்கி வைத்துக்கொண்டு எஃபுவா சிரிக்கிற படம். காதில் வைத்தாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எபோவுக்கும் கேட்டது.

“அம்மா, அப்பா என் பேரை மூணு தடவை சொன்னாரும்மா. எனக்காகக் குளிர்ல படுத்திருக்கேங்கறாரும்மா. இனிமே எப்படி நான் இங்க இருக்கறது? யோஃபியை அவன் அப்பாகிட்ட விட்டுடறேன். துணி எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கேன். நான் வர்ற வரைக்கும் மூட வேண்டாம்னு பெரியப்பாகிட்ட சொல்லு. சொல்றியா?”

எட்டு நாளாக மூடி வைத்திருந்த வாயை அராபா திறந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தாள். உதடு அசைந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கன்னத்தில் இறங்கி, கழுத்தில் இறங்கி, கறுப்புத் துணியை நனைத்தது. உதடு மறுபடி மறுபடி அசைந்தது.

“அம்மா? இருக்கியா?” என்றாள் எஃபுவா. “ஏதாவது பேசும்மா. சத்தமே வரலையே.”